மேலே வாழைப்பழம், கீழே பெர்மெஸ்ஸோ

விதி இதுதான்: பெர்மெஸ்ஸோ என்ற வதிவிட அனுமதியைப் புதுப்பிக்கக் கொடுத்துவிட்டுப் புது அட்டைக்காகக் காத்திருப்பவர், இத்தாலியை விட்டு வெளியே போய்த் திரும்பி வர வேண்டுமானால், கடவுச்சீட்டு, காலாவதியான பழைய அட்டை, தபாற்கந்தோர் முத்திரையிட்டுத் தந்த ரிச்செவூத்தா என்ற பற்றுச்சீட்டு ஆகிய மூன்றின் மூலப்பிரதிகளையும் தம்முடன் வைத்திருத்தல் வேண்டும். போகும்போதோ வரும்போதோ அக்கம்பக்கத்து ஐரோப்பிய நாடுகள் வழியாகச் சுற்றக் கூடாது. மூன்றில் ஒன்று குறைந்தாலும் வாசலில் நிற்க வேண்டியதுதான்.

பலெர்மோவில் இருக்கும் தமிழர்களில் பாதிப் பேருக்கு இந்த விதியைச் சொல்லிக்கொடுத்தவன் நான். மற்றப் பாதிக்கும் சொன்னேன். அவர்கள் கேட்கவில்லை.

இலங்கையில், மன்னார்க் கச்சேரி என்ற அரசாங்க அலுவலகத்தில் ஆறு வருடம் எழுதுவினைஞனாக இருந்தவன். இங்கே வந்து பத்து வருடம் ஒரு முதிய சின்யோராவை நாலாம் மாடிக்கும் நிலத்துக்குமாக ஏற்றி இறக்கினேன். அந்த வீட்டுக்கு வந்த அரசாங்கக் கடிதங்களை நான் வாசித்து விளங்கப்படுத்துவதைக் கண்ட சின்யோராவின் மகன், குடியேறிகளுக்குப் படிவம் நிரப்பிக் கொடுக்கும் அலுவலகம் ஒன்றில் என்னைச் சேர்த்துவிட்டார். ஓய்வு பெறும்வரை அங்கேதான் கண்ணாடிக்குப் பின்னால் இருந்தேன். என் வாயிலிருந்து அதிகம் வந்த வசனம், "இது போதாது, மற்றதையும் கொண்டு வாங்கோ." ஓய்வு பெற்ற பிறகும் ஞாயிறு பூசை முடிந்ததும் மாதா கோயில் முற்றத்தில் என்னைச் சுற்றி நாலு பேர் நிற்பார்கள். (சில வேளை அவர்கள் பேருந்துக்காகத்தான் நிற்கிறார்கள் என்று என் மனைவி பிலோமினா சொல்லுவாள்.)

நான் சமூகத்துக்கு அளித்த இன்னொரு கொடை, பத்திரங்களைக் கொண்டுசெல்லும் முறை. பிரான்காச்சோவிலிருந்து நகரத்துக்கு வரும் பேருந்தில் கூட்டம் அதிகம். கூட்டத்தில் விரல்கள் அதிகம். கைப்பை, தோற்பை, இடுப்புப் பை எல்லாவற்றையும் திருடன் முதலில் பார்ப்பான். ஆகவே சாதாரணக் கடைப் பை ஒன்றை எடுக்க வேண்டும். அடியில் பத்திரங்கள். அதன்மேல் பல்லரோச் சந்தையில் வாங்கிய லீக்ஸோ, கீரையோ, கத்தரிக்காயோ. பார்ப்பவனுக்கு நீங்கள் சமைக்கப் போகிறவர். குவெஸ்தூராவுக்கு, அதாவது குடியேறிகளின் தலைவிதி எழுதப்படும் அந்தப் பொலிஸ் அலுவலகத்துக்குப் போகிறவர் அல்ல. ஒரு நாள் பேருந்தில் ஒருவன் என் பைக்குள் கையை விட்டு, ஒரு கத்தரிக்காயை வெளியே எடுத்துப் பார்த்து, மரியாதையாகத் திருப்பி வைத்ததை என் கண்ணால் கண்டேன். அன்றிலிருந்து இந்த முறையில் எனக்கிருந்த நம்பிக்கை வேதநம்பிக்கைக்கு அடுத்தது.

இப்படிப்பட்ட நான்தான் ஆபிரிக்காவுக்குப் போனேன்.

எங்கள் திருமணத்தின் நாற்பதாவது நிறைவுக்கு மகள் ஜெனி மூன்று நாள் வனவிலங்குச் சுற்றுலா ஒன்றைப் பதிவு செய்துவிட்டு வந்து சொன்னாள். அவள் இங்கே ஆஸ்பத்திரியில் தாதி. நோயாளிகளிடம் கேட்காததுபோலவே எங்களிடமும் அவள் சம்மதம் கேட்பதில்லை.

"அப்பா, நீங்கள் வாழ்க்கையிலை ஒரு வக்கான்ஸா, ஒரு லீவுகூட எடுக்கேல்லை. அம்மாவுக்கு யானை பாக்க ஆசை. போட்டு வாங்கோ. பஸ்தா, அவ்வளவுதான்."

"பெர்மெஸ்ஸோ புதுப்பிக்கக் குடுத்திருக்கு. நான் எப்பிடிப் போறது?"

"ரிச்செவூத்தாவோடை போய் வரலாம் எண்டு ஊருக்கெல்லாம் சொல்லுறது ஆர்? நீங்கள்தானே?"

என் விதியே என்னை மடக்கியது. ரோம் வழியாக, அங்கிருந்து அடிஸ் அபாபா, அங்கிருந்து தான்சானியா. ஐரோப்பாவில் வேறெங்கும் கால் படாத பாதையை நானே உட்கார்ந்து தேர்ந்தெடுத்தேன். ஒரே ஒரு நெருக்கடி. சனிக்கிழமை வீடு திரும்ப வேண்டும். திங்கட்கிழமை காலை எட்டு நாற்பதுக்குக் குவெஸ்தூராவில் எனக்குக் கைவிரல் அடையாளம் எடுக்கும் முறை. அந்த நேரம் பற்றுச்சீட்டிலேயே அச்சிடப்பட்டிருந்தது. அதைத் தவறவிட்டால் முப்பத்துநாலு வருட வாழ்க்கைக்கு மீண்டும் முதலாம் பக்கத்திலிருந்து விளக்கம் எழுத வேண்டும்.

பிலோமினாவுக்கு இந்தக் கவலை இல்லை. அவள் இத்தாலியப் பிரஜை. அவளுடைய விண்ணப்பத்தை நிரப்பியவன் நான். ஒரு பிழையும் இல்லாமல் போய் வந்தது. உங்களுக்கு ஏன் இல்லை என்று கேட்பீர்கள். என் கோப்பு முழுமையாக இல்லை என்று பதினொரு வருடமாக நானே என்னைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தேன்.

புறப்படுவதற்கு ஒரு மாதம் முன்பு செய்த ஒரு காரியத்தையும் இங்கே சொல்லிவிட வேண்டும். மொண்டெல்லோக் கடற்கரையில் ஓர் உணவகத்தில் சமையல் செய்யும் ஜோர்ஜ் என்று ஒரு நண்பன். எங்கள் ஊர்தான். வெறும் பற்றுச்சீட்டோடு ஜெர்மனிக்குத் தமக்கையின் மகளின் கலியாணத்துக்குப் போகப் புறப்பட்டு, விமான நிலையத்தில் கோட்டும் சூட்டுமாகத் திருப்பி அனுப்பப்பட்டவன். அடுத்த ஞாயிறு கோயில் முற்றத்தில், சுவாமியார் உட்படப் பலர் கேட்க, அவனுக்கு அரை மணித்தியாலம் விதியைப் போதித்தேன். அதோடு விட்டேனா? என் பற்றுச்சீட்டை நான் எப்படி மடிப்பில்லாமல், கண்ணாடி உறையில் வைத்திருக்கிறேன் என்று படம் எடுத்து, 'பார்த்துப் படி' என்று எழுதி அவனுக்கு அனுப்பினேன். பதில் வரவில்லை. படிக்கிறான் என்று நினைத்தேன்.

பூங்காவின் பெயர் வேண்டாம். குற்றம் பூங்காவினுடையது அல்ல. எங்கள் சாரதியும் வழிகாட்டியும் எமானுவேல் என்ற ஐம்பது வயது மனிதர். நிதானமான ஆங்கிலம் பேசுவார். என்னை 'ம்ஸே' என்று அழைத்தார். பெரியவர் என்று அர்த்தமாம். முதல் நாளே வாசலில் வண்டியை நிறுத்தி விதிகளைச் சொன்னார்: வாகனத்தை விட்டு இறங்கக் கூடாது, விலங்குகளுக்கு உணவு கொடுக்கக் கூடாது, குரங்குகள் இருக்கும் இடத்தில் ஜன்னல்களை மூடி வைக்க வேண்டும்.

"இது எழுத்தில் இருக்கிறதா?" என்று கேட்டேன்.

பின்னால் இருந்த பலகையைக் காட்டினார். வண்டியை நிறுத்தி வைத்து முழுவதையும் வாசித்தேன். பிலோமினாவுக்கும் உரத்து வாசித்துக் காட்டினேன். பின்னால் ஐந்து வாகனங்கள் காத்து நின்றன.

"இஞ்சாருங்கோ, சிங்கம் வயசுபோய்ச் செத்துப்போம். ஏறுங்கோ," என்றாள் பிலோமினா.

முதல் இரண்டு நாளும் நன்றாகவே போயின. யானைகள் கண்டோம். ஒட்டகச்சிவிங்கி கண்டோம். சிங்கத்தின் ஒரு காது கண்டோம். மிச்சச் சிங்கம் புல்லுக்குள் இருப்பதாக எமானுவேல் உத்தரவாதம் தந்தார். நூற்றுக்கணக்கான காட்டு மாடுகள் ஒன்றன்பின் ஒன்றாக, தள்ளுமுள்ளு இல்லாமல், ஆற்றில் இறங்கக் காத்து நின்றன. எண் சீட்டு இல்லாமலே இப்படி வரிசை நிற்கும் ஒரு கூட்டத்தை என் சேவைக்காலத்தில் நான் கண்டதில்லை. கண் கலங்கிவிட்டது. தூசி என்று சொல்லிச் சமாளித்தேன்.

விடுதி அறையில் ஒரு சிறிய இரும்புப் பெட்டகம் இருந்தது. அதன் சாவி யாரிடம், பொறுப்பு யாருடையது என்று வரவேற்பில் கேட்டேன். அந்தப் பிள்ளை சிரித்தது. சிரிப்பு உத்தரவாதம் அல்ல. ஆகவே பத்திரங்கள் என்னோடேயே வந்தன, என் முறைப்படி, கடைப் பையில். முதல் இரண்டு நாளும் மேலே வீட்டிலிருந்து கொண்டுவந்த லீக்ஸ். (ஓம், பலெர்மோவிலிருந்து லீக்ஸ் கொண்டுபோனேன். சிரிக்க விரும்புகிறவர்கள் இப்போதே சிரித்து முடித்துவிடுங்கள். இனி நேரம் கிடைக்காது.) மூன்றாம் நாள் காலை லீக்ஸ் அழுகிவிட்டது. காலைச் சாப்பாட்டு மேசையில் மரக்கறி ஒன்றும் கிடைக்கவில்லை. நல்ல பழுத்த வாழைப்பழம் இருந்தது. ஒரு சீப்பை எடுத்துப் பத்திரங்களுக்கு மேல் வைத்தேன்.

"ஆபிரிக்காக் காட்டிலை ஆரப்பா உங்கட பையைக் களவெடுக்கப் போறான்?" என்றாள் பிலோமினா.

"பாதுகாப்பு நடைமுறை இடத்துக்கு இடம் மாறாது," என்றேன்.

இந்த வசனத்தை நான் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

பத்து மணியளவில் ஒரு திருப்பத்தில் பிலோமினா கூச்சலிட்டாள். எமானுவேல் சிறுத்தை என்று நினைத்து வண்டியை நிறுத்தினார். சிறுத்தை அல்ல, மரம்.

"பெருக்க மரம்! பாருங்கோ, எங்கட பள்ளிமுனைப் பெருக்க மரம்! அதே வயிறு!"

உண்மைதான். யானைக்கால் வந்ததுபோல் பருத்த அந்த மரம் மன்னாரிலும் உண்டு. அரபு வணிகர் ஆபிரிக்காவிலிருந்து கொண்டுவந்து நட்டார்கள் என்று சொல்வார்கள். பிலோமினா வண்டிக் கூரையின் திறப்பு வழியாக எழுந்து நின்று படம் எடுக்கத் தொடங்கினாள். நானும் எழுந்து நின்று, அந்த மரத்தின் வரலாற்றை எமானுவேலுக்கு ஆங்கிலத்தில் விளக்கத் தொடங்கினேன். அவருடைய நாட்டு மரத்தைப் பற்றி அவருக்கே. அவரும் பொறுமையாகத் தலையாட்டினார்.

"ம்ஸே, குரங்குகள் வருகின்றன. ஜன்னல்களை மூடுங்கள்."

நான் ஒழுங்காக நான்கு ஜன்னல்களையும் மூடினேன். கைப்பிடியை இழுத்துச் சரிபார்த்தேன். பலகையில் ஜன்னல்களை மூடவும் என்றுதான் எழுதியிருந்தது. கூரையைப் பற்றி ஒரு வார்த்தையும் எழுதியிருக்கவில்லை.

வந்தது பபூன் என்று சொல்லப்படும் நாய்முகக் குரங்கு. வளர்ந்த ஆண். எங்கள் பழைய கச்சேரிப் பிரதம லிகிதரின் தோள்கள், அதே நடை, அதே அலட்சியம். கூரையில் ஏறி, திறப்பு வழியாக எனக்கும் பிலோமினாவுக்கும் இடையால் உள்ளே கையை நீட்டி, ஆசனத்தில் இருந்த பல பொருட்களில், விலை உயர்ந்த புகைப்படக் கருவியை ஒதுக்கி, பிலோமினாவின் கைப்பையை ஒதுக்கி, என் கடைப் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டது. முப்பது வருடம் எந்தத் திருடனுக்கும் பிடிபடாத பை. மேலே இருப்பதைப் பார்த்து எடுக்கும் திருடன் ஒருவன் வருவான் என்று நான் நினைத்தே பார்க்கவில்லை.

அடுத்து நடந்ததை ஏற்கெனவே வாக்குமூலமாக எழுதிக் கையெழுத்திட்டிருக்கிறேன், ஆகவே மறுப்பதற்கில்லை. நான் வாகனத்தை விட்டு இறங்கினேன்.

"ம்ஸே! இல்லை! உள்ளே வாருங்கள்!" எமானுவேல் கத்தினார்.

"ஐயோ, சிங்கத்தின்ரை மிச்சம் அங்கைதான் இருக்கு!" பிலோமினா கத்தினாள்.

நான் பெருக்க மரத்தின் கீழ் போய் நின்றேன். குரங்கு ஒரு கிளையில் வசதியாக உட்கார்ந்து, பையை மடியில் வைத்து, முதலாவது பழத்தை உரித்தது. நான் அதனோடு பேச்சுவார்த்தை நடத்தினேன். முதலில் தமிழில், அதட்டலாக. பிறகு எனக்கே தெரியாமல் இத்தாலிய மொழிக்கு மாறிவிட்டேன். அதிகாரத்தில் இருப்பவரிடம் கெஞ்சும்போது என் வாயில் அந்த மொழிதான் வரும். "ஸ்கூசி, சின்யோரே," என்று மன்னிப்புக் கேட்டுத் தொடங்கி, மரியாதை நடையில், பழங்களை அது வைத்துக்கொள்ளலாம் என்றும் பத்திரங்கள் அதற்குப் பயன்படமாட்டா என்றும் விளக்கினேன். அதுவும் என்னை, கண்ணாடிக்குப் பின்னாலிருந்து நான் பலரைப் பார்த்ததுபோல் பார்த்தது.

ஏழு பழமும் முடிந்தன. பிறகு பரிசீலனை தொடங்கியது. கடவுச்சீட்டை முகர்ந்து, பக்கம் புரட்டி, கீழே எறிந்தது. என் தோளில் பட்டது. பழைய அட்டையைக் கடித்துப் பார்த்து எறிந்தது. நான் இரண்டையும் பொறுக்கினேன். மிச்சம் பற்றுச்சீட்டு. அடிப்பழம் ஒன்று நசுங்கி உறைக்குள் இறங்கியிருக்க வேண்டும். குரங்கு உறையைக் கிழித்தது, தாளை நக்கியது, பிறகு மேல் மூலையிலிருந்து நிதானமாகச் சாப்பிடத் தொடங்கியது.

பாதி சாப்பிட்டதும் அதற்கு அலுத்துவிட்டது. மற்றப் பாதி காற்றில் ஆடி ஆடி என் காலடிக்கு வந்தது. அதில் என் பெயரும், திங்கட்கிழமை எட்டு நாற்பது என்ற நேரமும் தெளிவாக இருந்தன. முத்திரையும் விண்ணப்ப எண்ணும் இருந்த பாதி மரத்தின் மேல், குரங்கின் வயிற்றில்.

எமானுவேல் என்னைக் கையைப் பிடித்து வண்டிக்குள் ஏற்றினார். வனக்காவலர் நிலையத்துக்கு அறிவித்தே ஆக வேண்டும் என்றார். அறிவிக்காவிட்டால் நானே வற்புறுத்தியிருப்பேன். அங்கே சீருடை மடிப்புக் கலையாத ஓர் அதிகாரி என் வாக்குமூலத்தை எழுதினார். ஒரு தடவைகூடச் சிரிக்கவில்லை. அந்த மனிதருக்கு நான் இன்றும் கடமைப்பட்டிருக்கிறேன். இறங்கியதற்கு எழுத்தில் எச்சரிக்கை தந்தார். ஆவணத்தைக் குரங்கு உண்டதை உறுதிப்படுத்தி ஒரு சான்றிதழ் தரும்படி கேட்டேன்.

"அதைத் தலைமை அலுவலகம்தான் தர வேண்டும். விண்ணப்பம் எழுதுங்கள். பதில் தபாலில் வரும்."

எழுதினேன். இரண்டு பிரதி. வாழ்க்கையில் முதல்முறையாக 'சம்பவத்தின் தன்மை' என்ற கட்டத்தில் எனக்கு இடம் போதவில்லை.

மறுநாள் மதியம் விமான நிலையத்தில், சீட்டுப் பதியும் மேசையில் நின்ற மேற்பார்வையாளரான பெண்மணி பாதித் தாளை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்தார்.

"இது போதாது, ஐயா."

"விதியின்படி..." என்று தொடங்கி முழு விதியையும் சொன்னேன். துணைவிதிகளையும் சொன்னேன். இத்தாலிய நடைமுறையில் எனக்குள்ள அனுபவத்தையும் சொன்னேன்.

அவர் பொறுமையாகக் கேட்டார். "விதி எனக்கும் தெரியும், ஐயா. அதனால்தான் உங்களை ஏற்ற முடியாது என்கிறேன். தூதரகத்துக்குப் போய் மீள்நுழைவு விசா எடுங்கள்."

தூதரகம் வேறு நகரத்தில். அன்று வெள்ளிக்கிழமை. திங்கட்கிழமை எட்டு நாற்பது என் கையில், பாதித் தாளில், தெளிவாக இருந்தது. இதே குரலில், இதே மரியாதையோடு நான் எத்தனை பேரை வீட்டுக்கு அனுப்பியிருப்பேன் என்று கணக்குப் பார்க்கத் தொடங்கி நிறுத்திக்கொண்டேன். பயணப்பெட்டியில் உட்கார்ந்துவிட்டேன்.

"நீர் போம்," என்றேன் பிலோமினாவிடம். "உம்மட்டை இத்தாலியப் பாஸ்போர்ட் இருக்கு. நான் பிறகு வாறன்."

"நான் போய் அங்கை என்ன செய்யிறது? உங்கட கோப்புகளுக்குத் தூசி தட்டுறதோ?" என்றாள். "நீங்கள் ஒரு அஞ்சு நிமிஷம் கதைக்காமல் இருங்கோ. அவ்வளவுதான் கேக்கிறன்."

அவளுக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது. மேசையருகே போனாள். தன் கடவுச்சீட்டை வைத்தாள். என்னைக் கையால் காட்டினாள். பிறகு அந்த மண்டபத்தில் பாதிப் பேருக்குக் கேட்கும்படி சொன்னாள்:

"மை ஹஸ்பண்ட். ஹீ ஸ்டுப்பிட். பட் லீகல்."

மேற்பார்வையாளர் பெண்மணியின் உதடு துடித்தது. என் அரைமணி நேரச் சட்ட விளக்கம் செய்யாததை இந்த வசனம் செய்தது. அவர் குனிந்து, குரலைத் தாழ்த்தி, "அந்தத் தாளின் பிரதி ஏதாவது இருக்கிறதா? எண் தெரிந்தால் ரோமில் கேட்டுப் பார்க்கலாம்," என்றார்.

பிரதி இருந்தது. என் கைத்தொலைபேசியில் அல்ல. இடம் நிறைந்துவிட்டதென்று யானைகளைப் படம் பிடிப்பதற்காக எல்லாவற்றையும் நானே அழித்திருந்தேன். ஜெனியிடமும் இல்லை. உலகத்தில் ஒரே ஒரு ஆளிடம் இருந்தது.

பிலோமினாவுக்கு அது நினைவு வந்ததும், எனக்கும் நினைவு வந்துவிட்டது என்பதை என் முகத்தில் பார்த்ததும், ஒரே கணத்தில் நடந்தன. அவளே இலக்கத்தை அழுத்தி என் காதில் வைத்தாள்.

"அண்ணை!" ஜோர்ஜின் குரலுக்குப் பின்னால் சட்டிகள் மோதும் சத்தம். "சிங்கம் பாத்தாச்சோ?"

"ஓம். ஜோர்ஜ், போன மாதம் உனக்கு ஒரு படம் அனுப்பினனான்."

"எது? 'பார்த்துப் படி' எண்டு எழுதி அனுப்பினதோ?"

"ஓம், அதுதான்."

"அதை அழிச்சுப் போட்டன் அண்ணை."

நான் கையிலிருந்த பாதித் தாளைப் பார்த்தேன்.

"கோவத்திலை அழிச்சனான். பொறுங்கோ, பொறுங்கோ... மனிசியின்ரை போனிலை இருக்கும். அவவுக்கு அனுப்பித்தான் ரெண்டு பேருமா உங்களைத் திட்டினனாங்கள். ஏன், உங்கட ஒரிஜினல் எங்கை?"

"பாதி இருக்கு."

"மற்றப் பாதி?"

"வந்து சொல்லுறன்."

"இப்ப சொன்னாத்தான் அனுப்புவன்."

சொன்னேன். மிகச் சுருக்கமாக, வினைச்சொற்களைத் தவிர்த்துச் சொன்னேன். பிறகு ஜோர்ஜ் அதைச் சமையலறையில் இருந்தவர்களுக்கு மொழிபெயர்ப்பது கேட்டது. மொண்டெல்லோக் கடற்கரை முழுவதும் ஒன்றாகச் சிரித்ததுபோல் இருந்தது.

ஐந்து நிமிடத்தில் படம் வந்தது. மடிப்பில்லை, நிழலில்லை, ஒவ்வோர் எண்ணும் பளிச்சென்று இருந்தது. தற்பெருமையோடு எடுத்த படம் என்றால் அப்படித்தான் இருக்கும். அந்தப் பெண்மணி அதை ரோமுக்கு அனுப்பினார். நாற்பது நிமிடம் நாங்கள் பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தோம். பிலோமினா என் கையைப் பிடித்துக்கொண்டு செபமாலை சொன்னாள். நடுவில் ஒரு தடவை, "பழம் வேண்டாமெண்டு அப்பவே சொல்லியிருக்க வேணும்," என்று செபத்தின் அதே ராகத்தில் சேர்த்துக்கொண்டாள். ரோம் அந்த எண்ணைப் பார்த்து, இந்த ஆள் இருக்கிறார் என்றது. கதவு மூடுவதற்குப் பத்து நிமிடம் இருக்க விமானத்தில் ஏறினோம். வாழ்க்கையில் எந்தப் பூசையிலும் நான் அவ்வளவு மனமுருகி 'ஆமென்' சொன்னதில்லை.

கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். திங்கட்கிழமை காலை ஏழரைக்கே குவெஸ்தூராவில் நின்றேன். விரல்கள் பதிந்தாயிற்று. அந்த அதிகாரி நல்ல மனிதர். பாதித் தாளைப் பார்த்துவிட்டு, "தொலைந்துவிட்டது என்று ஒரு வரி எழுதித் தாருங்கள், போதும்," என்றார்.

ஒரு வரி. எழுதிவிட்டு வெளியே வந்து கோப்பி குடித்திருக்கலாம்.

"அது தொலையவில்லை," என்றேன். "உண்ணப்பட்டது. தொலைந்தது என்று எழுதினால் பொய்ப் பிரகடனம் ஆகும். தண்டனைக்குரியது."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "யாரால் உண்ணப்பட்டது?"

சொன்னேன். அடுத்த அறையிலிருந்தும் வந்து கேட்டார்கள். கடைசியில் அதிகாரி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்படியானால் அதற்கு ஆதாரம் ஒன்று கோப்பில் இருக்க வேண்டுமே," என்றார். ஆதாரத்துக்கு ஏற்கெனவே விண்ணப்பித்திருக்கிறேன், வந்ததும் சமர்ப்பிப்பேன் என்று நானே பெருமையோடு எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தேன். கையெழுத்துப் போட்ட பிறகுதான் விளங்கியது. ஆதாரம் வரும்வரை கோப்பு நகராது. என் அட்டையை நானே நிறுத்தி வைத்துவிட்டேன்.

வீட்டில் இதைச் சொன்னபோது ஜெனி தாயைப் பார்த்து, "மம்மா, லீகல் எண்டதை இனி நாங்களும் உறுதியாச் சொல்லேலாது," என்றாள்.

அதன்பின் என் பெயர் இந்த ஊரில் மாறிவிட்டது. என் பிறந்தநாள் கேக்கில் 'ஸ்டுப்பிட், ஆனால் லீகல்' என்று சிவப்புக் கிறீமில் எழுதினார்கள். மாப்பிள்ளை பார்க்க வந்த இடத்தில்கூட, 'ஆளைப் பற்றி என்ன சொல்லுறியள்?' என்று கேட்டால், 'லீகல்' என்று சொல்லிவிட்டு மிச்சத்தைச் சொல்லாமல் சிரிப்பது எங்கள் கோயில் வட்டாரத்தில் வழக்கமாகிவிட்டது. ஜோர்ஜ் ஞாயிறு தோறும் பூசை முடிந்து முற்றத்தில் இந்தக் கதையைச் சொல்லுகிறான். குரங்குக்கு அவன் கொடுக்கும் வசனங்கள் இப்போது என்னுடையதைவிட அதிகம். நானும் கூட்டத்தில் நின்று கேட்கிறேன். அவன் பிழையாகச் சொல்லும் இடத்தில் மட்டும் திருத்துகிறேன். எனக்கு அவன் செய்த உதவிக்கு அது மிகக் குறைந்த கைம்மாறு.

மாதங்கள் போயின. எனக்குப் பின்னால் கொடுத்தவர்களெல்லாம் அட்டை எடுத்தார்கள். நான் பூங்காவின் தலைமை அலுவலகத்துக்கு நான்கு நினைவூட்டற் கடிதங்கள் எழுதினேன். ஒவ்வொன்றும் முந்தியதைவிடப் பணிவாக. இரவுச் சாப்பாட்டில் பிலோமினா, "குரங்கிட்டை இருந்து கடிதம் வந்ததோ?" என்று கேட்பாள். கேட்டுவிட்டுச் சிரிக்கமாட்டாள். தபாற்பெட்டியை எனக்கு முன்னே போய்ப் பார்க்கிறவளும் அவள்தான் என்பது எனக்குத் தெரியும்.

கடைசியில் பெரிய பழுப்பு உறையில் அது வந்தது. பிலோமினாதான் படியேறி மூச்சிரைக்கக் கொண்டுவந்தாள். குசினி மேசையைத் துடைத்து, கைகளைக் கழுவி, கத்தியால் ஓரத்தை அறுத்துத் திறந்தேன். ஒற்றைத் தாள். 'தங்கள் விண்ணப்பம் தொடர்பாக' என்று தொடங்கி, வளர்ந்த ஆண் பபூன் ஒன்று மேற்படி பயணியின் ஆவணத்தில் ஏறத்தாழப் பாதியை உட்கொண்டது விசாரணையில் உறுதியாகியுள்ளது என்றும், அதன் பின்னர் அவ்விலங்குக்கு உடல்நலக் குறைவு எதுவும் ஏற்பட்டதாகப் பதிவில்லை என்றும், பயணியும் நலமாக இருப்பார் என நம்புவதாகவும் எழுதியிருந்தது. கீழே வட்ட முத்திரை; மை கலங்காமல், ஓரம் உடையாமல், நேராக விழுந்திருந்தது. பிலோமினா ஒரு தடவை வாசிக்கச் சொன்னாள். பிறகு இன்னொரு தடவை. மூன்றாவது தடவை நான் பாதியில் முத்திரையைப் பார்த்து நின்றுவிட்டேன். அவளே மிச்சத்தைப் பாடமாகச் சொன்னாள்.

அன்றே கொண்டுபோய்க் கொடுத்தேன், நெஞ்சோடு அணைத்துப் பிடித்தபடி, பை எதுவும் இல்லாமல். மூன்று கிழமையில் அட்டை கைக்கு வந்தது. குடியுரிமை விண்ணப்பமும் போட்டுவிட்டேன். இம்முறை பிலோமினா நிரப்பினாள், நான் கையெழுத்து மட்டும் வைத்தேன். ஆயினும் நாட்குறிப்பில் அட்டை வந்த நாளை நான் எழுதவில்லை. எழுதி, சிவப்பு மையால் அடிக்கோடிட்டிருப்பது அந்தப் பழுப்பு உறை எங்கள் தபாற்பெட்டிக்கு வந்த நாளை: பயணத்துக்கு மறு வருடம், மே மாதம் ஒன்பதாந் திகதி, வெள்ளிக்கிழமை.